நீரிழிவுச் சிக்கல் தடுப்பில் செவிலியர்: இராமநாதபுரம் கடற்கரை

நீரிழிவால் கண், சிறுநீரகம், நரம்பு, பாதம் ஆகியவை கெடாமல் காத்துக்கொள்ள நோயாளிக்கும் வீட்டாருக்கும் கற்பிப்பது செவிலியர் பணிகளில் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு இருப்பதாகவும் கணித்தது. மாத்திரைச் சீட்டு எழுத மருத்துவருக்குச் சில நிமிடம் போதும். ஆறாத புண்ணைத் தடுக்கும் பேச்சுக்கு அந்த நேரம் போதாது.

தமிழக அரசு மருத்துவமனைகளில் தொற்றா நோய்களுக்கெனச் செவிலியரை அமர்த்தும் முறைக்கு, 2007-இல் இராமநாதபுரத்தின் அண்டை மாவட்டங்களான சிவகங்கையிலும் விருதுநகரிலும் தொடங்கிய இதயநோய்த் தடுப்பு முன்னோடித் திட்டம் வழிவகுத்தது. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. இத்திட்டம் 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதைப் பெற்றது. வீடு தேடி மாத்திரை தருபவர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். நோய் முற்றிப் படுக்கையில் இருப்போரை ஆதரவு சிகிச்சைச் செவிலியர் போய்ப் பார்க்கிறார். கற்பித்தல் தேவைப்படுவதோ இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில், நோயாளி நடமாடி உழைத்துக்கொண்டிருக்கும் ஆண்டுகளில்.

இராமநாதபுரம் கடற்கரையில் முதல் பாடம் பாதம். மீனவர் மணலிலும் சிப்பி ஓட்டிலும் வெறுங்காலோடு நடக்கிறார்கள். பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறைகளுக்கிடையே மூழ்குகிறார்கள். இராமேசுவரம் கோயிலின் 22 தீர்த்தங்களில் வாளியால் நீர் இறைத்து ஊற்றுவோருக்குக் கால் காய்வதே அரிது. உணர்ச்சி மரத்த காலில் முள் குத்தினாலும் தெரியாது. வலி இல்லாததால் நடந்துகொண்டே இருப்பார்கள், சிறு காயம் குழிப்புண் ஆகும். நீரிழிவால் கால் அகற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முதலில் வந்தது இத்தகைய புண்தான்.

10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, தொடுவது தெரிகிறதா என்று செவிலியரே சோதிக்கலாம். உணர்ச்சியற்ற பாதத்தைக் காக்கும் அறிவு தொழுநோய் மருத்துவத்திலிருந்து வந்தது. வேலூரில் தொழுநோயாளிகளிடம் மருத்துவர் பால் பிராண்ட் கற்றதை, 1966-க்குப் பின் அமெரிக்காவில் நீரிழிவுப் பாதங்களுக்கும் பயன்படுத்தினார்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது, முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்வது. விரலிடுக்கை ஈரம் போகத் துடைப்பது. கால் ஆணியைப் பிளேடால் சீவாமல் விடுவது. கால் எரிகிறது என்று வெந்நீரில் வைக்காமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதை எத்தனை முறை சொன்னாலும் தகும், ஏனென்றால் மரத்த கால் வெந்துபோவதும் தெரியாது. 'செருப்பில்லாமல் நடக்காதீர்கள்' என்ற அறிவுரை மட்டும் கோயில் வாசலில் நின்றுவிடும். அங்கே வெயிலுக்கு முன் போய்வரவும், திரும்பியதும் காலைப் பார்க்கவும் சொல்வதே பயன் தரும்.

உணவில் அடிக்கடி திருத்த வேண்டியது கருப்பட்டி பற்றிய நம்பிக்கை. பனைமரம் நிறைந்த இம்மாவட்டத்தில் அது 'நல்ல இனிப்பு'. ஆனால் அதிலும் பெரும்பகுதி சர்க்கரையே, இரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும்.

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் ரமலானுக்கு முன்பே பேசிவிட வேண்டும். சஹர், இஃப்தார் வேளைக்கேற்ப மருந்தளவை மருத்துவர் மாற்றித் தருவார். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே மார்க்க அறிஞர்களின் பொதுவான கருத்து. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும். இரவுக் கடலுக்குப் போகிறவருக்கும் தாழ்சர்க்கரை ஆபத்து உண்டு. மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்க வேண்டும், கூட வருகிறவருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கடலுக்குப் போவதில்லை. கண், சிறுநீர், பாதம் ஆகிய மூன்றுக்குமான ஆண்டுப் பரிசோதனையை முடிக்க அவர்களுக்கு இதைவிட ஏற்ற காலம் இல்லை.