வெள்ளாவியும் சலவைப் பொறியும்



‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம் முன்னோர் வாக்கு. வறுமை தவறன்று, அழுக்கே தவறு என்பது அதன் கருத்து. பள்ளியிலும் இல்லத்திலும் இதனைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும், கசக்கியவர் யார் என்ற வினாவை நாம் எழுப்பியதில்லை. கட்டிக்கொண்டவரின் பெயரை வரலாறு எழுதி வைத்தது. கசக்கியவரின் பெயரை எழுதி வைக்கவில்லை. இன்று பல இல்லங்களில் ஒரு மூலையில் நின்று சுழலும் சலவைப் பொறியைப் பார்க்கும்போது, அந்தப் பெயரற்ற மக்களின் வரலாற்றை நினைத்துப் பார்ப்பது நம் கடமை.

திருநெல்வேலியிலிருந்து பாளையங்கோட்டைக்குச் செல்வோர் தாமிரபரணியைக் கடக்கிறார்கள். ஆற்றின் குறுக்கே நிற்கும் சுலோசன முதலியார் பாலம் 1843-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பாலத்தைக் கடந்ததும் வருகின்ற பகுதிகளுள் ஒன்றின் பெயர் வண்ணார்பேட்டை. பேருந்து நடத்துநர் நாள்தோறும் நூறு முறை உரக்கக் கூறும் பெயர் அது. சென்னையிலும் வண்ணாரப்பேட்டை உண்டு. ஊர்ப் பெயர்கள் ஏடுகளைவிட நெடுங்காலம் வாழ்பவை. ஆற்றின் அருகே ஒரு தொழிலும் அதனைச் செய்த மக்களும் இருந்தார்கள் என்பதற்கு இப்பெயரே சான்று.

இத்தொழில் மிகத் தொன்மையானது. சங்க நூல்களில் ஆடை வெளுக்கும் பெண் ‘புலைத்தி’ என்று குறிக்கப்படுகிறாள். களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் அவள் நாள்தோறும் வெளுத்துத் தந்த தூய வெள்ளாடையைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று காட்டுகிறது. அவள் ஆடைக்குக் கஞ்சியிட்டதை நற்றிணையும் குறுந்தொகையும் காட்டுகின்றன. திருவிழாக் காலத்தில் ஊரார் அனைவருக்கும் வெளுத்துத் தரவேண்டியிருந்ததால், அவள் கை ஓயவே இல்லையாம். விழாவின் ஆரவாரத்துக்கு இடையே ஓயாத அந்தக் கையைக் கண்ட புலவரின் கண் கூரிய கண்ணே.

களர் நிலத்துக் கிணறு என்ற குறிப்பைச் சற்று ஆராய்வோம். பயிர் விளையாத அந்நிலத்தில் கோடைக்காலத்தில் வெண்மையாகப் பூத்து நிற்பது உவர்மண். சோடியம் கார்பனேட் என்ற காரம் அதில் உண்டு. உழவனுக்கு உதவாத மண் சலவைத் தொழிலாளிக்குச் செல்வமாயிற்று. வேதியியல் என்ற சொல் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, எந்த மண் அழுக்கை எடுக்கும் என்பதை நம் நாட்டு உழைப்பாளிகள் கண்டறிந்திருந்தார்கள்.

அவர்கள் கையாண்ட முறைக்கு வெள்ளாவி என்று பெயர். அழுக்குத் துணிகளை உவர்மண் கரைத்த நீரில் தோய்த்துப் பிழிவார்கள். அடுப்பின்மேல் நீர் நிறைந்த பெரிய பானையை வைத்து, அதன் வாயைச் சுற்றித் துணிகளைக் கோபுரம்போல் அடுக்கி மூடுவார்கள். இரவெல்லாம் தீ எரியும். கீழிருந்து எழும் ஆவி துணியின் ஒவ்வோர் இழையிலும் ஊடுருவும். விடிந்ததும் ஆற்றுக்குக் கொண்டுசென்று கல்லில் அடித்து, ஓடும் நீரில் அலசி, மணலிலும் புல்லிலும் விரித்து உலர்த்துவார்கள். பின்னர் நீலமும் கஞ்சியும் இட்டுத் தேய்த்து மடிப்பார்கள்.

இதில் நடப்பது என்ன? நம் உடலிலிருந்து துணியில் படிவது பெரும்பாலும் எண்ணெய்ப் பசை. அந்தப் பசையில் தூசி ஒட்டிக்கொள்கிறது. எண்ணெய்ப் பசையும் காரமும் வெப்பத்தில் சேரும்போது சவுக்காரம் உண்டாகிறது. வெள்ளாவியில் துணியின் அழுக்கில் ஒரு பகுதியே சவுக்காரமாக மாறி, எஞ்சிய அழுக்கை நீக்குகிறது. சவுக்காரத்தின் நுண்துகளுக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனை எண்ணெயைப் பற்றும். மறுமுனை நீரைப் பற்றும். இவ்விரண்டுக்கும் இடையே நின்று, பகைவர் இருவரைக் கைகோத்து அழைத்துச் செல்வதுபோல், அது அழுக்கைத் துணியிலிருந்து பிரித்து நீரோடு அனுப்பிவிடுகிறது. கல்லில் அடிப்பதும் கசக்குவதும் இப்பிரிவை விரைவுபடுத்துகின்றன. ஈரத் துணியின்மேல் படும் வெயில் எஞ்சிய கறையை வெளுக்கிறது.

நீரின் தன்மையும் இதற்கு முக்கியம். பொதிகையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாக ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது தாமிரபரணி. மலையிலிருந்து இறங்கும் ஆற்று நீரில் சவுக்காரம் எளிதில் நுரைக்கும். கடலை அடுத்த ஊர்களின் உவர்க் கிணற்று நீரில் அவ்வளவு எளிதில் நுரைக்காது. அந்நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புக்கள் சவுக்காரத்தோடு சேர்ந்து தயிர்த்திரிபோல் படிந்துவிடும். நல்ல ஆற்றின் கரை வெளுப்புத் தொழிலுக்கு ஏற்றதாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்காலத்தில் வெளுப்பு வீட்டு வேலை மட்டும் அன்று, பெருந்தொழிலும் ஆகும். தறியிலிருந்து இறங்கும் பருத்தித் துணி பழுப்பாகவே இருக்கும். அதனை வெளுத்த பின்னரே சாயமிடவும் விற்கவும் இயலும். 1658-ஆம் ஆண்டில் தூத்துக்குடியைப் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர்கள் இப்பகுதித் துணிகளைக் கப்பலேற்றி வாணிகம் செய்தார்கள். நெய்தவர் கையைப் போலவே வெளுத்தவர் கையும் அந்த வாணிகத்தைத் தாங்கி நின்றது.

தொழிலின் நுட்பம் இத்தகையது. தொழில் செய்தவரின் நிலை எத்தகையது? காஞ்சிபுரத்தில் வாழ்ந்த திருக்குறிப்புத்தொண்டர் ஏகாலியர் குலத்தில் பிறந்தவர். அடியார் ஒருவரின் கந்தையை மாலைக்குள் வெளுத்துத் தருவதாக வாக்களித்து, மழை விடாமல் பெய்தமையால் வாக்குத் தவறிற்றே என்று, துணி துவைக்கும் கல்லிலேயே தம் தலையை மோதப்போனார் என்று பெரியபுராணம் கூறும். அவரை நாயன்மார் அறுபத்து மூவருள் ஒருவராக வணங்குகிறோம். ஆனால் அவர் குலத்தில் பிறந்து ஊருக்கு வெளுத்தவர், களத்தில் அளக்கும் நெல்லுக்காகக் காத்து நின்றார். இரவில் வீடு வீடாகச் சென்று சோறு பெற்றார். கோயிலில் சிலையாக நின்றவருக்குக் கிடைத்த மதிப்பு, தெருவில் மூட்டையோடு நின்றவருக்குக் கிடைக்கவில்லை.

இதனினும் கொடிய செய்தி ஒன்று திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாற்றில் உண்டு. அதைக் கூறாமல் கடந்து செல்வது நேர்மையாகாது. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் துணி வெளுத்துத் தந்தவர்கள் புதிரை வண்ணார் எனப்பட்டனர். புரத வண்ணார் என்றும் அவர்களைக் குறித்தார்கள். தீண்டாமைக்கு ஆளான மக்களின் துணிகளையும், பேறு, பூப்பு, இறப்பு ஆகிய காலத்துத் துணிகளையும் தூய்மை செய்த இவர்களைத் தீண்டுவது மட்டுமன்று, கண்ணால் காண்பதே தீட்டு என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. 1932-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ‘இந்து’ ஆங்கில நாளிதழில் இது பற்றிய செய்தி வெளிவந்தது. அரிசனத் தொண்டில் ஈடுபட்டிருந்த தக்கர் பாபா இம்மக்களைச் சந்திக்க விரும்பினார். பகலில் வெளியே வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே துணி வெளுத்து வாழ்ந்த அவர்களை வீட்டைவிட்டு வெளியே வரச் செய்வதே அரிதாயிற்று. பகல் வெளிச்சத்தில் நிற்க மனிதன் அஞ்சினான்! அவன் செய்த குற்றம் யாது? பிறர் அழுக்கைப் போக்கியதுதான்.

நண்பர்களே, இங்கே சற்று நின்று எண்ணுங்கள். துணியில் படிந்தது காரத்தால் போகும் அழுக்கு. அதனைப் போக்கியவன்மேல் ஏற்றப்பட்டதோ எந்தக் காரத்தாலும் போகாத அழுக்கு. முன்னதை உண்டாக்கியது உடம்பு. பின்னதை உண்டாக்கியது உள்ளம். உடம்பின் அழுக்கை நீக்கும் கலையில் தேர்ந்திருந்த ஒரு சமுதாயம், உள்ளத்தின் அழுக்கை அழுக்கென்றே அறியாமல் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டது.

இதே காலத்தில் உலகின் பிற பகுதிகளில் வேறு மாற்றங்கள் நிகழ்ந்தன. 1791-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லெப்ளாங்க், சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் சவுக்காரம் ஆலைகளில் பெருமளவில் உருவாயிற்று. 1888-ஆம் ஆண்டில் ‘சன்லைட்’ கட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. உவர்மண் மெல்ல மறைந்தது. 1959-ஆம் ஆண்டில் ‘சர்ஃப்’ என்ற சலவைத் தூள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. உவர் நீரிலும் ஓரளவு நுரைப்பது அத்தகைய தூளின் சிறப்பு.

பொறியின் வரலாறும் நீண்டதே. 1767-ஆம் ஆண்டில் செர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்துச் சேஃபர் என்ற பாதிரியார், கையால் இயக்கும் சலவைப் பொறி ஒன்றை விளக்கி நூல் வெளியிட்டார். 1858-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹாமில்டன் சிமித் சுழலும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்விசை பொறியைச் சுழற்றத் தொடங்கியது. நம் தாமிரபரணியும் மின்விசை தந்த ஆறுதான். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. சலவைக் கல்லைத் தழுவி ஓடிய அதே ஆறு, சுழலியையும் சுழற்றியது.

பொறி செய்வது புதிய வேலையன்று. நீர், காரம், வெப்பம், அசைவு என்ற நான்கினாலும் வெள்ளாவி செய்த வேலையையே அதுவும் செய்கிறது. ஆகவே அதனைப் பயன்படுத்துவோர் பழைய தொழிலாளியின் அறிவையே பின்பற்ற வேண்டும். அவர் வெள்ளையையும் சாயத் துணியையும் ஒன்றாக இடமாட்டார். நாமும் பிரித்தே இடவேண்டும். துணி கல்லில் தாராளமாக விழுந்தெழ அவர் இடம் விடுவார். பொறியைத் திணித்து நிரப்பினால் துணி அசைய இடமின்றி அழுக்கு அப்படியே நிற்கும். கழுத்துப் பட்டையையும் கைமடிப்பையும் அவர் முன்னதாகவே கசக்குவார். நாமும் அப்பகுதிகளில் முதலில் சவுக்காரம் தேய்க்கலாம். தூளை அளவுக்கு மிஞ்சி இட்டால் துணி மிகுதியாகத் தூய்மை அடையாது. அலசிப் போகாத தூளே புதிய அழுக்காகத் தங்கிவிடும்.

பொறியின் வருகை நன்மையா, தீமையா? அல்லும் பகலும் குனிந்து வளைந்த முதுகுகளுக்கு அது விடுதலை. பொறிக்குத் துணி யாருடையது என்பது தெரியாது. எந்தத் துணியையும் அது தீட்டென்று தள்ளுவதில்லை. ஆனால் தொழில் குறைந்தபோது, அத்தொழிலையன்றி வேறொன்றும் கற்க இடம்பெறாத மக்கள் பிழைப்பையும் இழந்தார்கள். இழிவு தங்கிவிட, கூலி மட்டும் போவது கொடுமையல்லவா? தீண்டாமையை 1950-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒழித்தது. புதிரை வண்ணாருக்கென நல வாரியம் ஒன்றைத் தமிழக அரசு அமைத்தது 2009-ஆம் ஆண்டில். இம்மக்களின் வாழ்வை இமையம் எழுதிய ‘கோவேறு கழுதைகள்’ என்ற நாவல் 1994-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாணவர்கள் அதனைத் தேடிப் படிக்கவேண்டும். சட்டத்துக்கும் வாரியத்துக்கும் இடையே 59 ஆண்டுகள் சென்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை நீங்கள் தாமிரபரணிப் பாலத்தைக் கடக்கும்போது, நடத்துநர் ‘வண்ணார்பேட்டை’ என்று கூறுவார். அப்போது உங்கள் சட்டையின் வெண்மையை ஒருமுறை பாருங்கள். அந்த வெண்மைக்காக இருளிலே நின்றவர்களை நினையுங்கள். அவர்களுடைய மக்களும் பேரர்களும் இன்று உங்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கக்கூடும். பகல் வெளிச்சத்தில், ஒரே வரிசையில், தோளோடு தோள் சேர்ந்து அவர்களோடு அமர்வதே, ஆடை வெளுப்பதைவிடப் பெரிய தூய்மை.