காட்சியும் கருத்தும்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், ஏரியில் மண் எடுத்த இடத்தில் பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்ற செய்தி உடனே பரவிற்று. நேரில் பார்த்த புவியியலாளர்கள், அவை முட்டைகள் அல்ல, கடலடி வண்டல் திரண்டு இறுகிய கற்கள் என்றனர்.

ஊரார் ஆசைப்பட்டதிலும் நியாயம் உண்டு. அரியலூர் வட்டாரத்தின் கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அது ஆற்றுப்படிவு. குன்னத்துப் பாறையோ அம்மோனைட்டுகள் வாழ்ந்த கடலின் படிவு. நிலத்தில் முட்டையிட்ட விலங்கின் கூட்டை அங்கே எதிர்பார்ப்பதற்கில்லை. கண் உருவத்தைக் கண்டது. விதி அதை மறுத்தது.

செயற்கை நுண்ணறிவின் வரலாறு முழுவதும் இவ்விரண்டின் பிணக்குதான். தொடக்கத்தில் பிணக்கு இல்லை. 1943இல் மெக்கல்லக், பிட்ஸ் இருவரும் நரம்பணுக்களின் வலையையே தர்க்கக் கணிதமாக விளக்கினர். பிறகு வழிகள் பிரிந்தன. 1956இல் நியூவெல், சைமன் ஆகியோரின் நிரல் தேற்றங்களை விதிகளால் நிறுவியது. 1958இல் ரோசன்பிளாட்டின் பெர்செப்ட்ரான் உதாரணங்களிலிருந்து கற்றது. 1969இல் மின்ஸ்கியும் பேப்பர்ட்டும் ஓரடுக்கு வலையின் எல்லைகளைக் காட்ட, நரம்புவலை ஆய்வு பல்லாண்டுகள் தளர்ந்தது.

அந்த இடைவெளியில், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ராஜ் ரெட்டி, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேச்சறியும் ஹியர்சே நிரல்களை உருவாக்கும் பணியை முன்னின்று நடத்தினார். ஒலி, சொல், தொடர் என ஒவ்வொரு மட்டத்தின் அறிவும் ஒரு பொதுக் கரும்பலகையில் ஊகங்களை எழுதும், ஒன்றையொன்று திருத்தும். அதில் நரம்புவலை இல்லை. இரண்டறிவையும் ஒரே இடத்தில் அமர்த்தும் எண்ணம் இருந்தது. 1994இல் அவர் ஃபைகன்பாமுடன் டூரிங் விருது பெற்றார்.

1990களில் டவலும் ஷாவ்லிக்கும் விதிகளையே நரம்புவலையாக மாற்றி, உதாரணங்களால் திருத்தினர். 2024இல் வெளியான ஆல்ஃபாஜியோமெட்ரியில், நரம்புவலை துணைக்கோட்டை ஊகித்துச் சொல்ல, தர்க்க இயந்திரம் நிறுவலை முடித்தது. ஒலிம்பியாட் வடிவியல் கணக்குகள் 30இல் 25 தீர்ந்தன.

மணிமேகலையில் அறவண அடிகள் அளவைகளைப் பிரத்தியட்சம், கருத்து என்று இரண்டில் அடக்குகிறார். குன்னத்தில் தவறியது கண் அல்ல. கருத்தளவை வந்து சேரும் முன்பே செய்தி புறப்பட்டுவிட்டது. இன்று படம் பார்த்து நொடியில் தீர்ப்புச் சொல்லும் இயந்திரங்களிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வியும் அதுவே: இந்தக் கல் எந்தப் படிவில் கிடந்தது?