கிணறும் குழியும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் குடிநீர்ச் சுகாதார மேற்பார்வை – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமூக வரலாற்றை எழுத முற்பட்டோர் நிலம், சாதி, கல்வி, சமயம் ஆகியவற்றிற்கு அளித்த இடத்தைக் குடிநீருக்கு அளித்தாரல்லர். நீரைப் பற்றி எழுதியோரும் பெரும்பாலும் பயிருக்குப் பாயும் நீரையே நோக்கினர். மக்கள் குடிக்கும் நீரைத் தூயதாகப் பேணும் பொறுப்பு யாரிடம் இருந்தது, அப்பொறுப்பு எவ்வாறு வளர்ந்தது, எங்கு தடைப்பட்டது என்னும் வினாக்கள் முறையாக எழுப்பப்படவில்லை. அவ்வினாக்களையே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகின்றோம். குடாநாட்டில் கிணறு தனியுடைமை. கிணற்றில் ஊறும் நீரோ ஊர்ப்பொது. சட்டமும் நிருவாகமும் முன்னதை அளவுகோலாகக் கொண்டு பின்னதைக் காக்க முயன்றமையே இவ்வரலாற்றின் அடிப்படை முரண்பாடு என்பது எமது கருத்தாகும்.

1. நிலத்தின் இயல்பு

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும் வெள்ளவாய்க்காலே. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பொழியும் வடகீழ்ப் பருவமழை மண்ணுட் சுவறி, மயோசீன் காலச் சுண்ணக்கல்லின் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. கடல்நீர் சூழ்ந்த இந்நிலத்தின் அடியில், பாரங்கூடிய உவர்நீரின் மேல் நன்னீர் ஒரு வில்லையைப்போல் மிதக்கின்றது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் ஆகிய பகுதிகளின் கிணறுகளெல்லாம் அவ்வப் பகுதியின் வில்லையிலிருந்தே நீர் பெறுகின்றன.

இச்சுண்ணக்கல்லின் இயல்பு சுகாதார நோக்கில் முக்கியமானது. ஆழமான மணலும் களியும் உள்ள நிலத்தில் கழிவுநீர் மெல்ல வடிந்து, செல்லும் வழியிலேயே பெரிதும் தூய்மையடையும். வலிகாமத்தின் பல இடங்களில் செம்மண் படை சில அடிகளுக்கு மேல் இல்லை. அதன் கீழ் வெடிப்புக்கள் நிறைந்த பாறையே உள்ளது. அவ்வெடிப்புக்களில் இறங்கும் கழிவுநீர் வடிகட்டப்படாமலே கிணற்றை அடைதல் கூடும். மாரியில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து குழிகளின் அடியை நெருங்கும்போது இவ்வாபத்து மேலும் பெருகுகின்றது.

2. கொள்ளைநோயும் குடியேற்ற அரசும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி குடாநாட்டைப் பலமுறை தாக்கியது. இலண்டனில் ஜோன் சினோ என்னும் மருத்துவர் 1854இல் ஒரு தெருக் குழாய்க்கிணற்றைச் சுற்றி நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்து, நோய் நீரின் வழியே பரவுகின்றதென வாதிட்டார். அதே காலப்பகுதியில் இலங்கையின் வட மாகாணத்தை 1829 முதல் 1867 வரை பேர்சிவல் டைக் ஏசண்டாக இருந்து ஆண்டார். எனினும் குடியேற்ற அரசு தென்னிந்தியாவிலிருந்து வரும் தொழிலாளரிலும் யாத்திரிகரிலுமே நோயின் மூலத்தைக் கண்டது. ஆகவே அது மேற்கொண்ட தடுப்பு முறைகளுள் கரையோரக் கண்காணிப்பும் தனிமைப்படுத்தலும் முதன்மை பெற்றன. தோட்டப் பொருளாதாரத்தின் உழைப்பாளர் வரத்தைக் காப்பதற்கு அவை போதுமானவை. ஊர்க்கிணறு அரசின் பார்வைக்கு வெளியே நின்றது.

கிணற்றையும் வீட்டையும் நோக்கிச் சுகாதார அறிவு தமிழில் சென்றமைக்கு அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆற்றிய பணி குறிப்பிடத்தக்கது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயை மையமாகக் கொண்டு உழைத்த அவர், கல்வின் கட்டர் உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் ஆகியன பற்றி எழுதிய நூலை 1857இல் தமிழில் வெளிவரச் செய்தார். 1873இல் அவர் நாடு திரும்பியபோது தமிழில் மருத்துவம் கற்ற ஒரு தலைமுறை உருவாகியிருந்தது. ஆயினும் அறிவு பரவியதேயன்றி அதனை நடைமுறைப்படுத்தும் உள்ளூர் நிறுவனம் அப்போது இருக்கவில்லை.

3. சட்டமும் சபைகளும்

கொழும்பும் கண்டியும் 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ் மாநகர சபைகளைப் பெற்றன. சுகாதாரத்திற்கும் அபிவிருத்திக்குமான உள்ளூர்ச் சபைகளை நிறுவும் சட்டம் 1876இல் இயற்றப்பட்டது. சிறுபட்டினங்களின் சுகாதாரத்திற்கெனத் தனிச்சட்டம் 1892இல் வந்தது. யாழ்ப்பாணப் பட்டினம் உள்ளூர்ச் சபையொன்றைப் பெற்றது 1906இலேயாகும். 1876ஆம் ஆண்டுச் சட்டத்திற்கும் இதற்குமிடையே முப்பது ஆண்டுகள் கழிந்தன. பின்னர் அது படிப்படியாக வளர்ந்து 1949இல் மாநகர சபையாயிற்று.

சட்டங்களின் பெயர்களிற் சுகாதாரம் முன்னின்றபோதிலும், அவை செயற்பட்ட எல்லை பட்டினமே. குடாநாட்டு மக்களிற் பெரும்பாலோரோ கிராமங்களில் வாழ்ந்தனர். 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் இலங்கையில் தொடங்கிய கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும், 1926இல் களுத்துறையில் அமைந்த முதலாவது சுகாதாரப் பிரிவும் கிராமத்தை நோக்கிய திருப்பத்தைக் குறிக்கின்றன. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்ப நல மாது என அமைந்து இன்றுவரை தொடரும் ஒழுங்கின் மூலம் இதுவேயாகும். வளவுக்குட் சென்று கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்வையிட்டு, நீர் மாதிரி எடுத்து, குளோரீன் தூள் இடுவித்து, தேவைப்படின் வழக்கிடும் பரிசோதகரே கிராமத்தவர் கண்ட முதலாவது சுகாதார அரசு எனலாம்.

4. கிணற்றடியும் சாதியும்

எனினும் பரிசோதகர் நுழைந்த வளவு சமத்துவமான வளவன்று. தாழ்த்தப்பட்ட மக்கள் நெடுங்காலம் உயர்சாதியினரின் கிணறுகளில் அள்ளும் உரிமையின்றி, பிறர் வார்க்கும் நீருக்காகக் குடத்துடன் காத்து நின்றனர். காணியற்றோருக்குக் கிணறு வெட்ட இடமில்லை. க. டானியலின் 'தண்ணீர்' என்னும் நாவல் இந்நிலைமையையே பொருளாகக் கொண்டது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதியின் பேரால் உரிமை மறுத்தலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் சட்டத்தால் மட்டும் கிணற்றடி மாறிவிடவில்லை என்பதை 1960களின் பிற்பகுதியில் எழுந்த சாதியொழிப்புப் போராட்டங்கள் காட்டின.

கழிவகற்றலும் அவ்வாறே. பட்டினத்து வாளிக் கக்கூசுகளைத் தலைமுறை தலைமுறையாகத் துப்புரவு செய்தோர் சபையின் சுகாதாரத் தொழிலாளரே. பட்டினத்தின் சுகாதாரம் அவர்களது உழைப்பிலே தங்கியிருக்க, அவர்களோ நெருக்கமான குடியிருப்புக்களில் ஒதுக்கி வைக்கப்பட்டனர். தூய்மை பற்றிய சாதிக் கருத்து, தீட்டைக் குடத்தைத் தொட்ட கையிலே தேடியது. பாறையின் வழியே கிணற்றுள் இறங்கிய உண்மையான மாசை அது காணவில்லை.

5. பரப்புக் கணக்கு

வாளி மறைந்து, நீரடைப்பு மலசலகூடமும் மலக்கழிவுத் தொட்டியும் பரவியமை பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. மனிதர் மலத்தைச் சுமக்கும் இழிவு நீங்கியது. வெளியிடங்களை நாடவேண்டிய நிலை குறைந்தது. ஆனால் தொட்டி மலத்தை அழிப்பதில்லை. திண்மப் பொருளை அடியிற் படியவிட்டு, கிருமிகளும் நைதரசனும் கொண்ட நீரை உறிஞ்சு குழிக்கு அனுப்புகின்றது. அக்குழியைச் சூழவுள்ள மண்ணே மிகுதி வேலையைச் செய்யவேண்டும். மண் மெல்லியதாய்ப் பாறை வெடித்ததாயிருப்பின் அவ்வேலை நடைபெறாது. அடி பூசப்படாத தொட்டிகளில் நிலைமை இன்னும் மோசமாகும்.

இதற்குச் சுகாதார விதிகள் கண்ட பரிகாரம் இடைவெளியாகும்: கிணற்றுக்கும் குழிக்கும் இடையே குறித்த தூரம் இருத்தல் வேண்டும். இடர்க்கால நிவாரணப் பணிகளுக்கான சர்வதேச நியமம் 30 மீற்றரைக் குறிப்பிடுவதோடு, வெடிப்புள்ள பாறை நிலத்தில் அதுவும் போதாதென எச்சரிக்கின்றது. இந்நியமத்தை எமது காணிக் கணக்கோடு ஒப்பிடுதல் பயனுடையது. ஒரு ஏக்கரில் 16 பரப்பு. ஆகவே ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். இரண்டு பரப்புக் காணியொன்று சதுரமாக அமையின் அதன் பக்கம் 22 மீற்றருக்குச் சற்றுக் கூடும். மூலைக்கு மூலை 32 மீற்றருக்குச் சற்றுக் குறையும். கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் வைத்தாலன்றி விதி நிறைவேறாது. அவ்வாறு வைத்தாலும், வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறு சில மீற்றரிலேயே இருத்தல் கூடும்.

காணி இவ்வளவு சிறுத்தமை தற்செயலன்று. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிலே தொகுக்கப்பட்ட தேசவழமை ஏற்றுக்கொண்ட சீதன முறை, பெண் மக்கள் தோறும் நிலத்தைப் பிரித்தது. ஒரு கிணறிருந்த வளவில் நான்கு வீடுகளும் நான்கு குழிகளும் தோன்றின. கிணற்றை வெட்டமுடியாத பொருளெனக் கண்ட எமது முன்னோர் உறுதிகளில் கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்கால் உரிமையையும் எழுதினர். நீரைப் பங்கிட்டு அள்ளுதற்கு இவ்வாறு ஒழுங்கு கண்ட சமூகம், அந்நீரைக் கூட்டாகக் காத்தற்கு ஒழுங்கு காணவில்லை.

6. கண்ணுக்குத் தெரியாத மாசு

கிருமியைக் குளோரீன் கொல்லும். கொதித்த நீரில் அது மடியும். நைத்திரேற்றோ கொதிக்க வைப்பதனால் நீங்காது. நீர் ஆவியாகுந்தோறும் அதன் செறிவு கூடும். நைத்திரேற்று மிகுந்த கிணற்றுநீர் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றலைக் குறைத்து உடலை நீலம்பாரிக்கச் செய்வதை ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்து மருத்துவர் ஹண்டர் கொம்லி 1945இல் எடுத்துரைத்தார். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாகக் கொள்கின்றது.

1970–77 காலத்து இறக்குமதிக் கட்டுப்பாடு மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் நல்ல விலை கிடைக்கச் செய்தது. துலாவின் இடத்தை நீரிறைக்கும் இயந்திரம் பிடித்தது, யூரியா பெருகியது. விவசாயியின் கையில் காசு புழங்கிய அதே காலத்தில், பசளையின் நைதரசனும் குழிகளின் நைதரசனும் ஒரே நீர்வில்லையிற் கலந்தன. இரா. மகேஸ்வரன், ச. மகாலிங்கம் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வும் பின்வந்த பல ஆய்வுகளும், செறிவான பயிர்ச்செய்கைப் பகுதிக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்துள்ளமையை வெளிப்படுத்தின. இத்தகைய மாசை எந்த ஒரு வளவுக்காரரின் குற்றமாகவும் காட்டமுடியாது. வளவுக்கு வளவு சென்று குறைகாணும் பரிசோதனை முறையின் எல்லை இங்கே புலப்படுகின்றது.

7. போரும் அதன் பின்னரும்

1990இன் பின் வந்த பொருளாதாரத் தடையிற் சீமெந்தும் எரிபொருளும் அடங்கின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சியிலும் பிற இடங்களிலும் நெருங்கி வாழ நேர்ந்தது. சில குடும்பங்களுக்கான கிணறும் மலசலகூடமும் ஊரொன்றிற்குப் பயன்படலாயின. இவ்விடர்களிடையே சுகாதாரப் பரிசோதகரும் மருத்துவத் தொண்டரும் கிணறுகளுக்குக் குளோரீன் இட்டுப் பணியாற்றியமை தனியே எழுதப்படவேண்டிய வரலாறாகும்.

போரின் பின் மாசு வேறுருவிலும் வந்தது. சுன்னாகத்து மின் நிலையச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் மக்கள் எழுச்சிக்குக் காரணமாயிற்று. 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், அங்கு மின்னுற்பத்தி செய்த தனியார் கம்பனி பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஓரிடத்திற் சிந்தியது பல வளவுகளின் கிணறுகளில் எழுந்தமையை நாடறிந்தது. எண்ணெய் மணத்தால் தன்னைக் காட்டிக்கொடுத்தது. குழியின் கழிவுக்கு அத்தகைய அடையாளம் எப்போதும் இராது.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்திற்குக் கொணரும் நோக்குடன் 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவி பெற்ற திட்டம், கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் மாற்றமுற்று, தாளையடியில் 2024இல் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் முடிந்தது. வரவேற்கத்தக்கதே. எனினும் குழாய்நீர் வருவதனால் நிலத்தடிநீரின் பொறுப்பு நீங்கியதாகாது. வீட்டிற்குள் வரும் நீர் பெருகுந்தோறும் குழிக்குச் செல்லும் கழிவுநீரும் பெருகும். குழாய் எட்டாத ஏழைக் குடும்பம் தொடர்ந்தும் அக்கிணற்றையே குடிக்கும்.

முடிவாக, இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. உள்ளூர்ச் சபையிலிருந்து பிரதேச சபை வரை நிறுவனங்கள் மாறின. மேற்பார்வையின் அலகு வளவாகவே இருந்து வந்துள்ளது. அந்த அலகு நீர்வில்லையாக விரிதல் வேண்டும். ஒரு பகுதியின் கிணறுகள், குழிகள், தோட்டங்கள், தொழிற்சாலைகள் ஆகிய யாவும் ஒரே பதிவேட்டில் இடம்பெறுதல், நீர்ப் பரிசோதனையின் பெறுபேறுகள் மக்களுக்கு வெளிப்படையாக அறிவிக்கப்படுதல், தொட்டிகளை ஒழுங்காக வெறிதாக்கி அக்கழிவைச் சுத்திகரிக்கும் பொறுப்பைச் சபைகள் ஏற்றல் என்பன அதன் முதற்படிகளாகும். கிணற்றுப் பங்கை உறுதியில் எழுதிய சமூகத்திற்கு, நிலத்தடிநீரைப் பொதுச் சொத்தாக ஏற்பது புதிதாகக் கற்கவேண்டிய பாடமன்று. பங்கின் எல்லையை வேலிக்கு அப்பால் விரித்தலே எஞ்சியுள்ள பணியாகும்.