கருக்கலைப்புச் சட்டமும் பெண்ணுரிமை விவாதமும்

இந்தியாவில் கருக்கலைப்பு 1972 ஏப்ரல் 1 முதல் சட்டம் ஏற்ற மருத்துவச் சிகிச்சை. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. சிவகங்கை மாவட்டத்துத் தேவகோட்டையில் இருக்கும் பெண்ணுக்கும் டெல்லியில் இருக்கும் பெண்ணுக்கும் அதே சட்டம்தான். ஆனால் அது பெண்ணுக்குக் கிடைத்த உரிமையா, மருத்துவருக்குக் கிடைத்த பாதுகாப்பா என்ற கேள்வி அரை நூற்றாண்டாகத் தீரவில்லை.

சட்டத்துக்கு முன்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 312ஆம் பிரிவில், தாயின் உயிரைக் காக்க அல்லாமல் கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. கலைத்தவருக்கு மட்டுமல்ல, கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை உண்டு. மூன்றாண்டு வரை சிறை, கருவில் அசைவு தெரிந்த பிறகு என்றால் ஏழாண்டு வரை. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அதே குற்றம் 88ஆம் பிரிவாகத் தொடர்கிறது. கருக்கலைப்புச் சட்டம் இந்தக் குற்றப்பிரிவுக்கு ஒரு விலக்கு மட்டுமே. விலக்கின் நிபந்தனைகளுக்குள் வராத பெண் இன்றும் குற்றவாளியாகலாம்.

அந்தப் பழைய பிரிவின் பாரம் தமிழ்நாட்டில் அதிகம் விழுந்தது கைம்பெண்கள் மேல். சிறுவயதிலேயே தாலி அறுத்தவர்களுக்கு மறுமணம் மறுக்கப்பட்டது. நாள் தள்ளிப்போனால் மருத்துவச்சியின் எருக்கங்குச்சி, அது பலிக்காவிட்டால் கிணறு. தேவகோட்டையும் காரைக்குடியும் அடங்கிய செட்டிநாட்டின் ஆண்கள் பர்மா, மலாயா, இலங்கை என்று 'கொண்டுவிக்க', அதாவது வணிகம் செய்யப் போய் ஆண்டுக்கணக்கில் தங்கிய காலத்தில், பெரிய வீடுகளின் உள்கட்டில் இளம்பெண்கள் கடும் கண்காணிப்பில் வாழ்ந்தார்கள். இந்தப் பின்னணியில்தான் 1930களில் சொ. முருகப்பா காரைக்குடியில் கைம்பெண் மறுமணத்துக்காக இயக்கம் நடத்தினார். 'மாதர் மறுமணம்' என்ற இதழும் அங்கிருந்து வெளிவந்தது.

சுயமரியாதை இயக்கம் இன்னும் ஒரு படி மேலே போனது. பெரியார் 'குடி அரசு' இதழிலும், பிறகு 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் கர்ப்பத்தடை பற்றிய கட்டுரையிலும், மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் குடும்பச் சொத்து சிதறாமல் இருப்பதற்காகவும் கர்ப்பத்தடை கேட்கிறார்கள் என்றும், தாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்றும் தெளிவாகப் பிரித்துச் சொன்னார். அவர் பேசியது கருத்தடையைப் பற்றி. கருக்கலைப்பைப் பற்றி அல்ல. என்றாலும், பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது பெண்ணின் சுதந்திரத்தைச் சேர்ந்த கேள்வி என்ற வாதம் தமிழில் அப்போதே அழுத்தமாக வைக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் மார்கரெட் சாங்கர் 1935இல் இந்தியா வந்து காந்தியைச் சந்தித்தபோது, செயற்கைக் கருத்தடையை காந்தி ஏற்கவில்லை. அந்தப் பயணத்திலேயே சாங்கர் கலந்துகொண்ட திருவனந்தபுரம் அகில இந்திய மாதர் மாநாடு கருத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது.

சட்டம் வந்த வழி

சட்டம் வந்தபோது பெரியாரின் வாதம் அதில் இல்லை. 1964இல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1966 டிசம்பரில் அது தந்த அறிக்கை, நாட்டில் ஆண்டுக்கு 39 லட்சம் கருக்கலைப்புகள் நடப்பதாக மதிப்பிட்டது. அவற்றில் பெரும்பாலானவை திருட்டுத்தனமாக, தகுதியற்ற கைகளால் நடந்தவை. குழு முன்வைத்த முதன்மைக் காரணம் பெண்ணின் உடல்நலம். ஆனால் அரசின் மனத்தில் மக்கள்தொகைக் கவலையும் இருந்தது. சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலர் ஆர்.ஏ. கோபாலசாமி 1950களிலேயே கருத்தடை அறுவைக்கு ரொக்கம் தரும் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். கருக்கலைப்பு மசோதாவுக்கு நாடாளுமன்றத்தில் வழி அமைத்த மத்திய அமைச்சர் எஸ். சந்திரசேகர் மக்கள்தொகை அறிஞர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

அந்தக் கவலையின் தடம் சட்ட வாசகத்திலேயே பதிந்திருக்கிறது. பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த 'மணமான பெண்ணோ அவள் கணவனோ' பயன்படுத்திய கருத்தடை முறை பொய்த்தால், அதனால் வரும் மனவேதனையைக் கடும் மனநலப் பாதிப்பாகக் கொள்ளலாம் என்றது 1971ஆம் ஆண்டு சட்டம். மணமாகாதவள் இந்த வாசகத்தில் இல்லை. 'பெண்ணோ அவள் துணைவரோ' என்று அது மாறுவதற்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இன்றைய நிலை

2021 செப்டம்பர் 24 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்படி, 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும்; அதுவும் சில பிரிவினருக்கு மட்டும். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பக் காலத்தில் கணவனை இழந்தவர்கள் அல்லது மணவிலக்கானவர்கள் முதலியோர் அதில் வருவர். மறுமணம் மறுக்கப்பட்ட கைம்பெண்ணின் துயரத்தைப் பேசிய செட்டிநாட்டில், கைம்மையைச் சட்டமே ஒரு காரணமாக ஏற்றது சிறிய செய்தி அல்ல. 24 வாரத்துக்கு மேல் கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவ வாரியம் அனுமதிக்கலாம். தாயின் உயிரை உடனே காக்க வேண்டிய நிலையில் வாரக் கணக்கே கிடையாது.

18 வயது நிறைந்த, மனநலம் குன்றாத பெண்ணுக்கு அவள் கையெழுத்து மட்டும் போதும். கணவனின் சம்மதம் தேவை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மருத்துவமனை நடைமுறையோ வேறு. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்பதுதான் பல இடங்களில் முதல் பதில். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்க வேண்டிய சிகிச்சைக்கு, காப்பர்-டி போட்டுக்கொள்ள வேண்டும் அல்லது குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொள்ள வேண்டும் என்று நிபந்தனை வைப்பதும் நாடு முழுவதும் பதிவாகியிருக்கிறது. இரண்டுமே சட்டத்துக்குப் புறம்பானவை.

தேவகோட்டைப் பெண்ணுக்கு இதில் இன்னொரு தடை, தெரிந்த முகங்கள். சிறிய ஊரில் மருத்துவமனை வரிசையில் நிற்பதே ஊருக்குச் சேதி சொல்வது போல. அதனால் காரைக்குடிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறுகிறார்கள். நாள் கூடுகிறது, செலவும் கூடுகிறது. பெண்ணின் பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்வது இந்த அச்சத்தை உணர்ந்துதான்.

மருத்துவமனைக்கே போகாதவர்கள் இன்னும் அதிகம். 2015ஆம் ஆண்டைப் பற்றி 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் அவ்வாண்டு 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்ததாகவும், அவற்றில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்ததாகவும் மதிப்பிட்டது. மாத்திரை பழைய குச்சியைவிட மிகப் பாதுகாப்பானது. ஆனால் ரத்தப்போக்கு நிற்காதபோது எங்கே போவது என்று சொல்ல அருகில் ஆள் வேண்டும்.

சட்டம் இருந்தும் உரிமை இல்லாத நிலையைத் தமிழ்நாட்டிலிருந்தே துல்லியமாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. செங்கல்பட்டுப் பகுதியில் 1981 முதல் இயங்கும் கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையத்தைச் சேர்ந்த டி.கே. சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்ரமணியனும் 2004இல் வெளியிட்டது அது. கருவைக் கலைக்கக் குடும்பம் எளிதில் ஒப்புகிறது. படுக்கையில் வேண்டாம் என்று சொல்ல மனைவிக்கு அனுமதியில்லை. விருப்பமில்லாத உறவால் கரு, அதைத் தொடர்ந்து கலைப்பு, மறுபடி அதே. இதைப் படித்த பிறகு, கலைப்புகளின் எண்ணிக்கையை வைத்துப் பெண் விடுதலையை அளக்க முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 58 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்தவர்கள். ஆண்களின் அறுவை ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

பெண் கரு என்ற முரண்

1986 ஜூனில் 'இந்தியா டுடே' உசிலம்பட்டியின் பெண் சிசுக்கொலைகளை வெளியுலகுக்குச் சொன்னது. 1992இல் ஜெயலலிதா அரசு வேண்டாத பெண் குழந்தைகளை அரசிடம் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. அதற்குள் ஸ்கேன் கருவி வந்துவிட்டது. சிசுவைக் கொல்லக் கொடுத்த கள்ளிப்பாலின் இடத்தைக் கருக்கலைப்பு பிடித்தது. பெண்ணியக்கங்களுக்கு இது கடும் சோதனை. கருக்கலைப்பை உரிமையாகக் கேட்பவர்களே, பெண் என்பதற்காகக் கலைப்பதை எதிர்த்தார்கள். பம்பாயில் அவர்கள் நடத்திய போராட்டத்தால் மகாராஷ்டிரம் 1988இல் பாலினம் கண்டறிவதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 1994இல் நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. அவர்கள் கேட்டது ஸ்கேனைக் கட்டுப்படுத்துவதை. கலைப்பைத் தடுப்பதை அல்ல. அதிகாரிகளின் சோதனையிலும் சுவர் வாசகங்களிலும் இந்த வேறுபாடு தொலைந்தது. கருக்கலைப்பே சட்டவிரோதம் என்று பலர் நம்புகிறார்கள். நான்காம், ஐந்தாம் மாதத்தில் வரும் பெண்ணை மருத்துவர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள். 1991இல் 948 இருந்தார்கள்.

எதிர்ப்பும் நீதிமன்றமும்

கருவுற்ற நொடியிலிருந்தே உயிர் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டமும், அருளானந்தர் என்று வணங்கப்படும் ஜான் டி பிரிட்டோ 1693இல் கொல்லப்பட்ட ஓரியூரும் தேவகோட்டை வட்டாரத்துக்குப் பக்கம். எனவே இங்கே அது தொலைதூர ரோமின் குரல் அல்ல, அடுத்த தெருவின் நம்பிக்கை. தனக்காக அந்த நம்பிக்கையைக் காக்க ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமையுண்டு. மற்றவள்மீது சுமத்த இல்லை. மாற்றுத்திறனாளர் இயக்கங்களின் ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. 24 வாரத்துக்குப் பிறகு குறைபாடுள்ள கருவுக்கு மட்டும் கதவைத் திறப்பது, அத்தகைய உயிர் மதிப்புக் குறைந்தது என்று அரசே சொல்வதாகாதா என்கிறார்கள். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை.

கருவுறுதல் பற்றிய முடிவு அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சுசிதா ஸ்ரீவாஸ்தவா வழக்கில் சொன்னது. 2022 செப்டம்பர் 29இல் நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, மணமாகாத பெண்களுக்கும் 24 வாரம் வரை வாய்ப்பு உண்டு என்றும், இந்தச் சட்டத்தின் நோக்கத்துக்குக் கணவன் செய்யும் வன்புணர்வும் வன்புணர்வே என்றும் தீர்ப்பளித்தது. சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தரும் மருத்துவர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றும் அது தெளிவாக்கியது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம், 26 வாரம் கடந்த கர்ப்பத்தைக் கலைக்கக் கேட்ட இரண்டு குழந்தைகளின் தாய்க்கு அனுமதி மறுத்தது. கருக்கலைப்பை உரிமையாக ஏற்ற ரோ தீர்ப்பை 2022இல் அமெரிக்கா கைவிட்டபோது இந்தியா முன்னே நிற்பதாகப் பலர் பெருமைப்பட்டார்கள். அமெரிக்கப் பெண் இழந்தது கேட்டுப் பெறும் உரிமையை. இந்தியப் பெண்ணிடம் இன்றும் இருப்பது மருத்துவர் ஒப்பினால் கிடைக்கும் அனுமதி.

செட்டிநாட்டார் வணிகம் செய்த நாடுகளிலும் நிலை ஒன்றல்ல. சிங்கப்பூரில் 24 வாரம் வரை பெண்ணின் எழுத்துபூர்வ சம்மதத்தின் பேரில் செய்யப்படுகிறது. இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைக் கோவைப்படி தாயின் உயிர் காக்க மட்டுமே இடம். வன்புணர்வுக்கும் கருக் குறைபாட்டுக்கும் விலக்குக் கேட்டு 1995இலும் 2017இலும் நடந்த முயற்சிகள் நிறைவேறவில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8. 2025 மார்ச்சில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், மக்கள்தொகை அடிப்படையிலான தொகுதி மறுவரையறையில் மாநிலம் நாடாளுமன்ற இடங்களை இழக்கக்கூடும் என்பதைச் சுட்டி, புதுமணத் தம்பதிகள் உடனே குழந்தை பெற வேண்டும் என்று நாகப்பட்டினத்தில் கேட்டுக்கொண்டார். சட்டத்தை ஆதரித்தவர்களுக்கு அன்று கைகொடுத்த மக்கள்தொகை வாதம் இப்படித் திசை மாறிவிட்டது. மருத்துவரின் கருத்துக்குப் பதிலாக, தொடக்க வாரங்களிலாவது பெண்ணின் வேண்டுகோளே போதும் என்று திருத்தக் கோரும் பெண்ணியக்கங்களின் கோரிக்கை நாடாளுமன்றத்தில் இன்னும் ஏற்கப்படவில்லை.