கொள்ளைநோயும் மக்கள் சகிப்பின் எல்லையும்: பம்பாய் மாகாணம் 1896–1900

1896 செப்தெம்பரில், பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்ட்விப் பகுதியில் பிளேக் நோய் பரவியிருப்பதை டாக்டர் அகாசியோ வியேகாஸ் இனங்கண்டார். ஈராண்டுகளுக்கு முன் ஹொங்கொங்கைப் பீடித்த அதே நோய் கடல்வழியாக வந்திருந்தது. பம்பாய் ஒரு பெருந் துறைமுகம். அங்கு நோய் நிலைகொண்டுவிட்டால் ஐரோப்பியத் துறைமுகங்கள் இந்தியச் சரக்குக்குக் கதவடைத்துவிடும் என்னும் அச்சம் அரசாங்கத்தை உலுக்கிற்று. பஞ்சத்தையும் வாந்திபேதியையும் பொறுமையோடு பார்த்திருந்த ஓர் ஆட்சி, பிளேக் நோயின் முன் திடீரெனச் சுறுசுறுப்படைந்ததற்கு இவ்வச்சமே முதற்காரணம் எனலாம்.

1897 பெப்ரவரி 4ஆம் நாள் தொற்றுநோய்கள் சட்டம் நிறைவேறியது. சில பிரிவுகளே கொண்ட மிகச் சிறிய சட்டம் அது. பயணிகளைச் சோதிக்கவும், நோயுற்றோரையும் ஐயத்துக்குரியோரையும் பிரித்து வைக்கவும் அது அதிகாரம் வழங்கியது. அதன்கீழ் நல்லெண்ணத்துடன் செயற்பட்டோர்மீது வழக்குத் தொடர முடியாதெனவும் விதித்தது. புகையிரத நிலையங்களில் பயணிகள், பெரிதும் மூன்றாம் வகுப்புப் பயணிகள், இறக்கிச் சோதிக்கப்பட்டனர். மக்காவுக்கான யாத்திரையும் அவ்வாண்டு தடுக்கப்பட்டது.

இக்கட்டுப்பாடுகளுக்கு எழுந்த எதிர்ப்பை ஆட்சியாளரின் அறிக்கைகள் அறியாமை, மூடநம்பிக்கை என்னும் இரு சொற்களுக்குள் அடக்கிவிடுகின்றன. பின்வந்த தேசிய வரலாற்று நூல்கள் சிலவோ அதனை விடுதலைப் போரின் முன்னுரையாகக் கண்டு பெருமிதமுறுகின்றன. இரண்டும் முழு உண்மையாகா. மக்கள் எதனைப் பொறுத்தனர், எவ்விடத்தில் பொறுமையிழந்தனர் என்பதை உற்றுநோக்கின் வேறொரு படிமம் தெரியவரும்.

பிளேக் நோயின் அடையாளம் அக்குளிலும் அரையிடுக்கிலும் தோன்றும் நெறிக்கட்டி. எனவே சோதனை என்பது ஆடை விலக்கி உடலைத் தொட்டுப் பார்த்தலே. அதனைச் செய்தவன் அந்நிய ஆடவன். சில வேளைகளில் சாதாரண இராணுவச் சிப்பாய். பெண்களை வீட்டு வாசலிலும் புகையிரத மேடையிலும் வைத்து இவ்வாறு சோதித்தமையே ஏனைய அனைத்தினும் ஆழமான காயத்தை ஏற்படுத்திற்று. இதற்கு அடுத்தது வைத்தியசாலை. கொண்டு செல்லப்பட்டோரிற் பெரும்பாலோர் மீளவில்லை. அங்கு எவர் சமைத்த உணவு, எவர் கையால் நீர், இறந்தபின் எவர் கொள்ளி வைப்பார் என்பன விடை கிடையாத வினாக்கள். 1896 ஒக்ரோபர் 29ஆம் நாள் ஏறத்தாழ ஆயிரம் ஆலைத் தொழிலாளர் பம்பாயின் ஆர்தர் வீதி வைத்தியசாலையைத் தாக்கினர். சட்டம் பிறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே நிகழ்ந்தது இது.

தாக்கியோரைவிட ஊரைவிட்டு வெளியேறியோரே மிகப் பலர். 1891ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி எட்டு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த நகரிலிருந்து, 1897 பெப்ரவரிக்குள் மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் அகன்றனர். நோய்க்கு அஞ்சியோரும் உளர். நோய்த்தடுப்புக்கு அஞ்சியோரும் உளர். இருவரையும் பிரித்தறிதல் இயலாது. எஞ்சிய தொழிலாளரைத் தக்கவைக்க ஆலை முதலாளிகள் ஒருவரோடொருவர் போட்டியிட்டு நாட்கூலி வழங்க நேர்ந்தது.

புனாவில் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. ஐ.சி.எஸ். அதிகாரியான டபிள்யூ. சி. ராண்ட் தலைமையில் மார்ச் நடுப்பகுதி முதல் மே வரை எண்ணூறுக்கும் மேற்பட்ட படையினர் வீடுவீடாகப் புகுந்தனர். நிலம் தோண்டப்பட்டது, தட்டுமுட்டுப் பொருள்கள் எரிக்கப்பட்டன, இறப்பைப் பதியாது ஈமக்கடன் செய்தல் தடுக்கப்பட்டது. மக்களின் சமய உணர்வுகளை மதிக்குமாறு எழுத்திற் கட்டளைகள் இருந்தன என்பதையும் குறிப்பிடுதல் நேர்மையாகும். கட்டளை தாளில் இருந்தது; சிப்பாய் அடுக்களையில் நின்றான். யூன் 22ஆம் நாள், விக்டோரியா இராணியின் வைரவிழா இரவில், சாபேகர் சகோதரர் ராண்டையும் லெப்டினன்ட் அயெர்ஸ்டையும் சுட்டனர். அயெர்ஸ்ட் உடனேயும் ராண்ட் யூலை 3ஆம் நாளும் உயிர்நீத்தனர். தாமோதர் சாபேகர் அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்டார். திலகர் இராசத்துரோகக் குற்றத்தின்பேரில் 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஆயினும் அதே திலகர் நோய்த்தடுப்பை முற்றாக எதிர்த்தவரல்லர். நகரை நீங்காது தங்கி, புனாவில் இந்துக்களுக்கென ஒரு பிளேக் வைத்தியசாலையை நிறுவுவதில் முன்னின்றவர் அவர். சாவித்திரிபாய் பூலே நோயாளரைப் பராமரிக்கும்போது தாமும் தொற்றுக்குள்ளாகி 1897 மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். பம்பாயில் ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தமக்கென வைத்தியசாலைகள் அமைத்தபோது, அரசாங்க வைத்தியசாலைக்கு அஞ்சிய மக்களே அவற்றை நாடினர். பிரித்து வைத்தலை மக்கள் வெறுத்தனர் என்பதிலும், பிரித்து வைத்தவரை நம்பவில்லை என்பதே பொருந்தும்.

1898 மார்ச் 9ஆம் நாள் பம்பாய் மதன்புராவில், சோதனைக் குழுவினரை முஸ்லிம் நெசவாளர் எதிர்த்தமை நகரெங்கும் கலகமாயிற்று. 1900 ஏப்பிரிலில் கான்பூரின் தடுப்பு முகாம் தாக்கப்பட்டது. இவற்றிடையே அரசாங்கம் படிப்படியாகப் பின்வாங்கிற்று. வீட்டுச் சோதனை தளர்ந்தது. உள்ளூர்த் தலைவர்களின் உடன்பாடு நாடப்பட்டது. ஹாஃப்கினின் தடுப்பூசி விரும்புவோர்க்கு மட்டுமே என்றாயிற்று.

நோய் தணிந்ததால் இத்தளர்வு ஏற்படவில்லை. மிகக் கொடிய ஆண்டுகள் அதன்பின்னரே வந்தன. 1907இல் மட்டும் இந்தியாவிற் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அவ்வாறாயின் தளர்வே இச்சாவுகளுக்குக் காரணமா? அவ்வாறும் கூறமுடியாது. எலித்தெள்ளே நோயைக் காவுகின்றது என்பதை போல்-லூயி சிமோன் 1898இலேயே கராச்சியிற் செய்த ஆய்வினாற் காட்டியிருந்தார். அது ஏற்கப்படப் பல ஆண்டுகள் சென்றன. அதுவரை அதிகாரம் முழுவதும் மனிதருடலையே துருவித் தேடியது. மக்கள் கொடுத்த விலையிற் பெரும்பகுதி பயனின்றிப் போயிற்று.

1897ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் 2020இல் மீண்டும் கைக்கொள்ளப்பட்டது. இலங்கையின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமும் அதே 1897ஆம் ஆண்டினது. அதன்கீழ் 2020 ஏப்பிரில் 11ஆம் நாள் வெளியான வர்த்தமானி, கொவிட் தொற்றினால் இறந்தோர் அனைவரையும் எரிக்குமாறு பணித்தது. அடக்கஞ் செய்தலை உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருந்தது. ஊரடங்கையும் தனிமைப்படுத்தலையும் ஏனையோரைப்போலவே ஏற்றிருந்த முஸ்லிம் மக்கள், இதனை ஏற்கவில்லை. பொரளை மயானத்தின் வேலியில் வெண்துணிகள் கட்டப்பட்டன. 2021 பெப்ரவரி இறுதியில் ஆணை திருத்தப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கஞ் செய்யப்பட்டன. அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 யூலையில்.