இழப்பில் கிடைத்த ஒளி

1947 ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள், அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரத்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆராய்ச்சிச் சாலையில், எலெக்ட்ரான்களை வட்டப் பாதையில் விரைந்தோடச் செய்யும் சிங்க்ரோட்ரான் என்னும் யந்திரம் இயங்கிக்கொண்டிருந்தது. தீப்பொறி ஏதேனும் எழுகிறதோ என்று அறியக் காப்புச் சுவரின் ஓரமாக ஆடியொன்றில் பார்த்த உதவியாளர், கண்ணாடிக் குழாயினுள் பிரகாசமான ஒளியைக் கண்டு, யந்திரத்தை நிறுத்துமாறு உணர்த்தினார். ஆனால் அது பழுதன்று. வளைந்தோடும் எலெக்ட்ரான் தன் சக்தியில் ஒரு பகுதியைக் கதிராக இழந்தே தீரும் என்று ருஷ்ய அறிஞர்களான இவனென்கோவும் பொமெரன்சுக்கும் 1944-லேயே கணித்திருந்தனர்.

எலெக்ட்ரானுக்கு மேலும் மேலும் வேகமூட்ட முயன்றோர்க்கு இவ்வொளி நஷ்டமே. அதனையே வேண்டிப் பெறும் வழியை ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஹான்ஸ் மோட்ஸ் 1951-ல் வகுத்தார். வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறி வருமாறு காந்தங்களை வரிசையாக நிறுத்தினால், இடையே செல்லும் எலெக்ட்ரான் கற்றை பாம்பென நெளிந்து, நெளிவுதோறும் ஒளி வீசும்.

ஆயினும் அவ்வொளியில் ஒற்றுமை இல்லை. நேயர்கள் தேர்த் திருவிழாவைக் கண்டிருப்பர். வடம் பிடித்தோர் ஆளுக்கொரு கணத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஒரே குரலுக்கு ஒருங்கே இழுத்தால் நகரும். எலெக்ட்ரான்களும் அத்தகையனவே. 100 எலெக்ட்ரான்கள் தத்தம் போக்கில் ஒளிர்ந்தால் ஒளி 100 மடங்கு; ஒருமித்து ஒளிர்ந்தால் 10,000 மடங்கு.

அவ்வொற்றுமைக்கு வழி காட்டியவர் அதே ஸ்டான்போர்டைச் சேர்ந்த ஜான் மேடி. கற்றையுடன் ஒளியையும் உடன் செலுத்தினால் எலெக்ட்ரான்கள் அதனை வளர்க்கும் என்று 1971-ல் அவர் எழுதினார். உடன்செல்லும் ஒளி சில எலெக்ட்ரான்களை முந்தவும் சிலவற்றைப் பிந்தவும் செய்ய, அவை அலைநீளத்துக்கு ஒரு கூட்டமாகத் திரண்டு ஒருங்கே ஒளிர்கின்றன. 1976-ல் சோதனை அதனை மெய்ப்பித்தது. அணுவினுள் கட்டுண்ணாத எலெக்ட்ரான்கள் ஆதலின், இது கட்டற்ற எலெக்ட்ரான் லேசர் எனப் பெயர் பெற்றது. கற்றையின் சக்தியை மாற்றினால் ஒளியின் அலைநீளமும் மாறும் என்பது இதன் தனிச்சிறப்பு.

2009-ல் ஸ்டான்போர்டின் முடுக்கி நிலையத்தில் இம்முறையால் எக்ஸ் கதிர் லேசர் பிறந்தது. 2017-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள மற்றொன்று பணி தொடங்கியது. மூலக்கூறுகளில் அணுக்கள் இடம்பெயர்வதை நொடியின் மிகச் சிறு கூறுகளில் இவை படம் பிடிக்கின்றன. நம் நாட்டிலும் இந்தூரில் அகச்சிவப்பு ஒளி தரும் இத்தகைய லேசர் அமைக்கப்பட்டுள்ளது.

மோட்ஸ் வழி வகுத்ததற்கும் எக்ஸ் கதிர் லேசர் பிறந்ததற்கும் இடையே 58 ஆண்டுகள். ஆராய்ச்சிக்குப் பொருள் ஒதுக்கும்போது, இதனால் இன்று என்ன பயன் என்று வினவுவது நம் இயல்பு. அவ்வினாவுக்கு 1951-ல் எவரும் தக்க விடை கூறியிருக்க இயலாது. விஞ்ஞானம் பயிலாத நாமும் இதனை நினைவிற் கொள்வது நன்று.