ஜோசப் வாரன்

ஜோசப் வாரன் (11 ஜூன் 1741 – 17 ஜூன் 1775) பாஸ்டன் நகர மருத்துவர். பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக மாசசூசெட்ஸில் மூண்ட கிளர்ச்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். பங்கர் குன்றுப் போரில் 34 வயதில் உயிர்நீத்ததால் போர்வீரராகவே பெரிதும் நினைக்கப்படுகிறார். ஆனால் நகர மக்கள் அவரை முதலில் அறிந்ததும் நம்பியதும் வைத்தியராகத்தான். அரசியல் செல்வாக்கு அதன்பின் வந்தது.

பாஸ்டனை அடுத்த ராக்ஸ்பரியில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1755இல் ஆப்பிள் பறிக்க ஏறிய ஏணியிலிருந்து விழுந்து தந்தை இறந்தார். 1759இல் ஹார்வர்டில் பட்டம் பெற்ற வாரன் சிறிது காலம் பள்ளி ஆசிரியராக இருந்தார். அப்போது அமெரிக்கக் குடியேற்றங்களில் மருத்துவக் கல்லூரியே கிடையாது. முதலாவது 1765இல்தான் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. மருத்துவராக விரும்பும் இளைஞர் பெயர்பெற்ற ஒருவரிடம் சேர்ந்து, மருந்து கலக்கி, புண்ணுக்குக் கட்டுப் போட்டு, நோயாளிகளின் வீடுகளுக்குக் கூடவே போய்த் தொழில் பழகுவார். வாரனுக்கு வாய்த்த ஆசான், லண்டனில் பயின்று திரும்பிய ஜேம்ஸ் லாயிட்.

1764இல் பாஸ்டனில் பெரியம்மை பரவியது. துறைமுகத் தீவிலிருந்த காசில் வில்லியம் கோட்டையில் மற்ற மருத்துவர்களோடு தங்கி, வாரன் மக்களுக்கு அம்மை குத்தினார். ஜென்னரின் பசு அம்மைத் தடுப்பூசி 1796இல்தான் வந்தது. அதற்கு முன் இருந்த முறை துணிச்சலானது: நோயாளியின் கொப்புளத்துச் சீழை எடுத்து, நலமாயிருப்பவரின் தோலைக் கீறி உள்ளே செலுத்துவார்கள். அவருக்கும் அதே அம்மை போடும், ஆனால் பெரும்பாலும் லேசாக. அந்த நாட்களில் அவரிடமிருந்து நோய் பிறருக்குத் தொற்றும் என்பதால் தனித்து வைப்பது கட்டாயம். அவ்வாண்டு நகரில் அம்மை குத்திக்கொண்ட சுமார் 5,000 பேரில் 46 பேர் இறந்தனர். தானாக நோய் கண்ட சுமார் 700 பேரில் 124 பேர் மாண்டனர். உயிருக்கு ஆபத்து உண்டென்று தெரிந்தும் மக்கள் கையை நீட்டியதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 22 வயது வாரனுக்குப் பெயர் கிடைத்தது இங்கேதான்.

அதன்பின் தொழில் வேகமாக வளர்ந்தது. ஜான் ஆடம்ஸ் குடும்பத்துக்கு அவரே வைத்தியர். பின்னாளில் நாட்டின் 6ஆவது குடியரசுத் தலைவரான ஜான் குவின்சி ஆடம்ஸ் சிறுவனாயிருந்தபோது ஆள்காட்டி விரல் மோசமாக முறிந்து, வெட்டி எடுக்கவேண்டிய நிலை வந்தது. வாரன் அந்த விரலைக் காப்பாற்றிக் கொடுத்தார்.

மருத்துவத்தோடு அரசியலிலும் இறங்கிய வாரன், 1768இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் பெர்னார்டைத் தாக்கிச் செய்தித்தாளில் எழுதினார். 1774 செப்டம்பரில், பிரித்தானியச் சட்டங்களுக்குப் பணிய மறுத்த சஃபோக் தீர்மானங்களை வரைந்தார். 1775 ஏப்ரல் 18 இரவில், பிரித்தானியப் படை புறப்படுவதை எச்சரிக்க பால் ரெவியரையும் வில்லியம் டாஸையும் குதிரையில் அனுப்பியவரும் அவரே. மறுநாள் அப்படையோடு மூண்ட சண்டையில் குண்டொன்று அவர் தலைமுடி ஊசியைத் தட்டிச் சென்றது.

மாகாணப் பேரவையின் தலைவராக இருந்த அவரை ஜூன் 14 அன்று மேஜர் ஜெனரலாகத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்றே நாளில் பங்கர் குன்றுப் போர். தலைமை ஏற்கும்படி கிளர்ச்சிப்படைத் தளபதிகளான புட்னமும் பிரெஸ்காட்டும் சொன்னதை மறுத்து, சாதாரணத் தொண்டராகத் துப்பாக்கி ஏந்தி நின்றார். பிரித்தானியரின் மூன்றாம் தாக்குதலில் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். உடலை எதிரிப்படையே குழியில் புதைத்தது. 1776 மார்ச்சில் அப்படை நகரைவிட்டு வெளியேறிய பிறகு, உடன்பிறந்தோரும் ரெவியரும் குழியைத் தோண்டினர். முகம் அடையாளம் தெரியாமல் சிதைந்திருந்தது. வெள்ளி வேலையோடு பல் வேலையும் செய்துவந்த ரெவியர், வாரனுக்குத் தாம் கம்பியால் கட்டிப் பொருத்திய செயற்கைப் பல்லைக் கண்டு உடலை உறுதிசெய்தார். பல்லை வைத்து இறந்தவரை அடையாளம் கண்ட ஆரம்பகால நிகழ்வுகளுள் ஒன்றாகத் தடயவியலார் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

மனைவி எலிசபெத் 1773இலேயே காலமாகியிருந்ததால் நான்கு குழந்தைகளும் அநாதைகளாயினர். பின்னர் துரோகி எனப் பழிக்கப்பட்ட பெனடிக்ட் ஆர்னால்டு அவர்களுக்காக 500 டாலர் அனுப்பினார். 1780இல் அமெரிக்கக் காங்கிரஸ் மேஜர் ஜெனரலின் அரைச் சம்பளத்தை அவர்களுக்கு ஒதுக்கியது. வாரனிடமே மருத்துவம் பயின்ற தம்பி ஜான், படை அறுவை மருத்துவராக இருந்து, 1782இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி உருவாகக் காரணமானார். தம்பி ஜானின் மகன் ஜான் காலின்ஸ் வாரன்தான் 1846இல் பாஸ்டனில், ஈதர் கொடுத்து மயக்கிய நோயாளிக்குப் பலர் முன்னிலையில் அறுவை செய்தவர்.